பெட்டி இறக்கின பிறகு

டட்சன் சன்னி. வீட்டில் சனி என்போம்.
வெள்ளி பின்னேரம் வவுனிக்குளம் கட்டு ஏற்றத்தில்
எஞ்சின் கத்தியது, சில்லுக்குக் கேட்கவில்லை.
ஐந்து ரீச்சர்மாரையும் இறங்கி நடக்கச் சொன்னேன்.
கணித ரீச்சர் மட்டும் இறங்கவில்லை,
குதிக்கால் வெடிப்பாம்.

சனிக்கிழமை மாங்குளத்தில்
டிலக்சனின் தகரக் கொட்டில்.
கியர்ப் பெட்டி உரச்சாக்கில் படுத்திருக்கிறது.
"அக்கா, பெட்டி இறக்கிற கூலி ஒருக்காத்தான்.
ஏத்தினாப் பிறகு ஐந்நூறு ரூபாச் சாமான் சத்தம் போட்டாலும்
திரும்ப இதே கூலி."

இவர் வவுனியாவில்,
பாட்ஸ் கடை மேசையில் முழங்கை ஊன்றியபடி போனில்.
"கெதியாச் சொல்லு. ஒரு மணிக்குப் பூட்டுறாங்களாம்."
கையில் சீட்டுக் காசு அறுபத்தெட்டாயிரம்.
அதற்குள்தான் குசினிக்குப் பத்துத் தகரமும்.

பிளேட்டுக்குப் பேச்சில்லை, ஆணித்தலை தெரிகிறது.
பிறெஷர் பிளேட்டின் விரல்களில்
இரண்டு மற்றவற்றைவிடப் பதிந்து போய்க் கிடந்தன.
சரி, அதுவும்.
பெயறிங்கைக் காதோடு வைத்துச் சுழற்றினேன்.
நல்ல பிள்ளை, மூச்சே இல்லை.
டிலக்சன் வாங்கி, உள்ளங்கையால் அமத்திச் சுழற்றினான்.
தொண்டைக்குள் மணல்.
"காருக்குள்ள அது சும்மா சுத்துறேல்ல அக்கா,
அமத்துப்பட்டபடிதான் சுத்துது."

பின் சீல்.
"இது சொட்டுதா, வேர்க்குதா?"
"இப்ப வேர்க்குது."
போனில் இவர் பெருமூச்சு விட்டார்,
கடைக்காரனும் விட்டது கேட்டது.
"வாங்குங்கோ" என்றேன்.

பிளைவீலில் நீலம் பாரித்திருந்தது.
மயிரிழை மயிரிழையாய்க் கீறல்.
கிளிநொச்சி லேத்துக்குக் கொண்டுபோனால்
காசு ஒரு பக்கம், நாள் இரண்டு.
திங்கள் ஏழு மணிக்குத் துணுக்காயில் மணியடிக்கும்.
"நகத்தால இழுத்துப் பாருங்கோ" என்றான்,
"மாட்டினா கடையவேணும்."
இழுத்தேன். மாட்டவில்லை.
"அது கிடக்கட்டும்."
நகம் வெட்டினது நேற்று இரவு.
அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைசியாக, கிராங்கின் நடுக்குழிக்குள்
டோச் அடித்துக் கொஞ்சநேரம் பேசாமல் நின்றான்.
"இந்த புஷ் கொம்பனிச் சாமானில்லை."
பித்தளை. ஆரோ கையால் கடைந்தது.
விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட எண்,
எட்டாக இருக்கலாம், மூன்றாகவும்.
தடை நாட்களில் எது அகப்பட்டதோ
அதைக் கடைந்து போட்டிருக்கிறார்கள்.
எதன் பித்தளை என்று அவன் சொல்லவில்லை.
எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

"இவ்வளவு காலம் ஓடினதுதானே,
அதையாவது விடன்" என்றார் இவர்.
தண்டைச் செருகி ஆட்டிப் பார்த்தேன்.
ஆடியது. கொஞ்சம்தான்.
ஆனால் ஆடியது.
"அறுநூற்றைம்பதுதானே. வாங்குங்கோ."
தகரம் பத்து ஏழாயிற்று.

கழட்டப் புல்லர் இல்லை.
"அரை றாத்தல் பாண் வாங்கி வாங்கோ" என்றான்.
பசியாக்கும் என்று வாங்கி வந்தேன்.
அவன் அதைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து
புஷ் ஓட்டைக்குள் திணித்தான்.
அளவான கம்பி வைத்துச் சுத்தியலால் ஓர் அடி.
மேலும் பாண். மேலும் அடி.
போக வழியில்லாத பாண் பின்னால் போய் நின்று
பித்தளையை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.
நாலாம் தடவை சிரட்டைக்குள் விழுந்தது,
சூடாக, மா பூசிக்கொண்டு.

துடைத்துப் பார்த்தான். மூன்றுதான்.
பழைய பித்தளைப் பேணிக்குள் போட்டான்.
"கிலோ நல்ல விலை போகுது."
பிறகு மிச்சப் பாணைப் பார்த்து,
"சம்பல் வாங்கேல்லையா அக்கா?"

திங்கள்.
கட்டு ஏற்றத்தில் ஒருவரும் இறங்கவில்லை.
கணித ரீச்சர் செலவைக் கேட்டார்,
சொன்னேன், ஐந்தால் பிரித்துப் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
சனி சத்தமில்லாமல் ஏறுகிறது.
பெடலை விடும்போது மட்டும்
ஒரு சின்ன நடுக்கம், அல்லது றோட்டு.
ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிறேன்.
நகம் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.